தாவரங்களை இனங்காணத் துணைபுரியும் நூல்கள்

காட்டிலும் வேலியோரத்திலும் தாமே முளைக்கும் செடிகொடிகளை உணவாகக் கொள்ளுதல் நம்மவர்க்குப் புதிதன்று. முசுட்டை, குறிஞ்சா, தூதுவளை, சாரணை, மொசுமொசுக்கை முதலியன யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் வறையாகவும் இலைக்கஞ்சியாகவும் பயன்பட்டு வந்துள்ளன. வன்னிக் காடுகளின் பாலைப்பழமும் வீரைப்பழமும் சுவையறிந்தாரால் மறக்கப்படாதவை. இவற்றை இனங்காணும் அறிவைப் பேத்தி பாட்டியிடமிருந்தும், மகன் தந்தையோடு காடு சென்றும் பெற்றனர். அத்தொடர்பு இன்று நைந்து வருகின்றது. கண்டு கற்கும் வாய்ப்புக் குறையுமிடத்து நூலே துணையாதல் வேண்டும். எந்நூல் எவ்வளவிற்கு உதவும், எவ்விடத்து உதவாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரால் வரும் மயக்கம்

தாவரத்தை அறிதற்குப் பெயர் ஒன்றே போதும் என்று கருதுவோர் பலர். அது பொருந்தாது என்பதற்குப் ‘பாலை’ என்னும் சொல்லே சான்று. வன்னியில் நாம் பாலை என்பது இலுப்பையின் குடும்பத்தைச் சார்ந்த, இனிய கனி தரும் பெருமரம். வெட்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை என்பனவோ அலரியின் குடும்பத்தைச் சார்ந்தன. அலரி நஞ்சுடையது என்பது யாவரும் அறிந்ததே. பெயரொற்றுமை உறவொற்றுமையைக் காட்டாது என்பது இதனால் விளங்கும். பாலைத்திணைக்குப் பெயர் தந்த மரம் எது என்பதிலும் அறிஞர் ஒருமித்த கருத்துடையரல்லர்.

தமிழ் நூல்கள்

நம் முன்னோர் தாவரங்களைக் கூர்ந்து நோக்கியவர் என்பதில் ஐயமில்லை. புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்துரைக்கின்றது. அவ்வகையிற் பனையும் தெங்கும் புல்லாகும். இன்றைய தாவரவியலார் ஒருவித்திலை, இருவித்திலை என வகுக்கும் பாகுபாட்டோடு இது பெரிதும் ஒத்திருத்தல் வியக்கத்தக்கது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டுத் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிக் கூறுகின்றது. திவாகரம் முதலிய நிகண்டுகளில் மரப்பெயர்த் தொகுதி தனியே அமைந்துள்ளது.

ஆயினும் நிகண்டு ஒரு பெயர்க்கு மற்றொரு பெயரைத் தருமேயன்றி இலையின் வடிவையோ பூவின் அமைப்பையோ காட்டாது. சித்த மருத்துவத்துக் குணபாட நூல்கள் மூலிகையின் சுவை, வீரியம், செய்கை என்பவற்றை விரிவாகக் கூறுவன. எனினும் அவை மூலிகையை முன்னரே அறிந்தவர்க்கு எழுதப்பட்டவை; அறியாதவன் அவற்றை மாத்திரம் ஏந்திக் காடு புகுதல் தகாது.

தாவரவியல் நூல்கள்

இலங்கைத் தாவரங்களை முறைப்படி வகுத்த நூல்களுள் முற்பட்டது லின்னேயஸ் 1747இல் வெளியிட்டது. ஒல்லாந்தக் கும்பனியின் மருத்துவராக ஈண்டிருந்த ஹெர்மன் என்பார் பதினேழாம் நூற்றாண்டிற் சேர்த்த உலர்செடித் தொகுதியே அதற்கு அடிப்படை. ஆயினும் நமக்கு நேரே பயன்படுவது பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த டிறைமன் எழுதிய இலங்கைத் தாவரக் கைந்நூலாகும். அதன் முதற்பாகம் 1893இல் வெளிவந்தது. ஆசிரியர் 1896இல் மறைய, எஞ்சிய பகுதியை ஹூக்கர் 1900இல் நிறைவு செய்தார். செடியின் வருணனை, வளருமிடம், பூக்குங் காலம் ஆகியவற்றோடு சிங்களத் தமிழ்ப் பெயர்களும் அதிலுள. தமிழ்ப்பெயர் மாத்திரம் அறிந்தவன் தாவரவியற்பெயரை அடைவதற்கு இது நல்ல வழியாகும்.

தசநாயக்கவும் பிறரும் பதிப்பித்த அந்நூலின் திருத்திய வடிவம் 1980 முதற் பல தொகுதிகளாக வெளிவந்தது. இரண்டையும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. ஏனெனில் தாவரவியற்பெயர்களும் மாறுவன. பழைய நூல் மிமுசொப்ஸ் என்னும் சாதியில் அடக்கிய நம் பாலைமரம் இன்று மணில்காரா என வழங்கும்.

தொடக்க மாணவர்க்கு இவை கடினமாயின் படமுடைய நூல்களை நாடலாம். ஜயவீர எழுதிய இலங்கை மருத்துவத் தாவரங்கள் பற்றிய ஐந்து பாகங்களும், மரங்களையும் செடிகளையும் பற்றி அஷ்டனும் பிறரும் 1997இல் வெளியிட்ட கள வழிகாட்டியும் அத்தகையன. ஆனாற் படத்தைக் கண்டவுடன் துணிதல் பிழை. இணைக்கவர்ச்சுட்டியைப் படிப்படியாகப் பின்பற்றி, இலை எதிரடுக்கோ ஒன்றுவிட்டவொன்றோ, கேசரங்கள் எத்தனை, சூலகம் மேலோ கீழோ என ஒவ்வொன்றாகத் தெளிந்து, ஈற்றிலே படத்தோடு ஒப்பிடுவதே முறையாகும்.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் மாரிகாலத்தில் என் மாணாக்கன் ஒருவன் வேலியடியிற் கிண்டிய கிழங்கொன்றைக் கொணர்ந்து, “ஐயா, இது காட்டு வள்ளிதானே? அம்மா அவிக்கக் கேட்டா” என்றான். கிழங்கைக் கண்டு எதனையும் துணிய என்னால் இயலவில்லை. கொடியைக் கொண்டுவரச் சொன்னேன். இலைக்குக் காம்பில்லை, நுனியோ நீண்டு பற்றுக்கம்பியாய்ச் சுருண்டிருந்தது. வள்ளிக்கொடி தண்டினாற் சுற்றிப் படரும். அதன் இலை காம்புடையது, அடியினின்றும் பல நரம்புகள் வளைந்து செல்வது. இலைநுனியிற் பற்றுக்கம்பி இல்லை. அவன் கொணர்ந்தது கார்த்திகைக் கிழங்கு. அதிலுள்ள கொல்கிசின் என்னும் நஞ்சு அவித்தலால் அழியாது. சில மணிநேரங் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தோன்றுமாதலின் உண்டவன் காரணத்தையும் அறியான். உயிர்க்கே இறுதி நேர்தலும் உண்டு. வத்தாளை எனவும் வள்ளி எனவும் மயங்கி அதனை உண்டு இடருற்றோர் இந்நாட்டிற் பலர். அன்று அக்குடும்பத்தைக் காத்தது இலைநுனியை நோக்குக என்னும் ஒரு நூற்குறிப்பே.

முடிவுரை

இதனின்றும் பெறப்படும் விதிகள் சில. கிழங்கையோ கனியையோ தனியே வைத்துத் துணிதலாகாது. இலை, பூ, காய் மூன்றும் கண்டே துணிதல் வேண்டும். கொடி பட்டுப்போன கோடையிற் கிழங்கைத் தோண்டுதல் ஒழிக. இரு நூல்களும் அனுபவமுடைய முதியோர் ஒருவரும் ஒருமித்துக் கூறாதவிடத்து உண்ணற்க. பறவை தின்றது, ஆடு மேய்ந்தது என்பன மனிதர்க்குச் சான்றாகா.

இறுதியாக, மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ச் செடிகளை உலர்த்தி ஒட்டி, முதியோர் வழங்கும் பெயரையும் தாவரவியற்பெயரையும், பறித்த இடத்தையும் நாளையும் எழுதி ஓரேடு அமைப்பாராக. அச்சிட்ட நூல்கள் இலங்கை முழுவதற்கும் உரியன. நம்மூர் வேலிக்குரிய நூலை நாமே எழுதுதல் வேண்டும். அதற்கு வேண்டும் பெயர்களை அறிந்த பாட்டிமார் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் உள்ளபோதே கேட்டெழுதுதல் நம் கடனாகும்.