கலகாரிப் பாலையில் இரலையை ஓடி மடக்கும் வேட்டை

தமிழில் 'மான்' என்னும் சொல் பரந்த பொருளது. ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதுக்கொம்பு முளைப்பிக்கும் புள்ளிமானும் மான் எனப்படும். கொம்பை வாழ்நாள் முழுதும் உதிர்க்காத வெளிமானும் மான் எனப்படும். தொல்காப்பிய மரபியல் இரலை, கலை என்பவற்றைப் புல்வாய்க்குரிய ஆண்பாற் பெயர்களாகக் கூறும். சங்கச் செய்யுட்களில் இரலை முறுக்குண்ட கொம்புடையதாகப் பேசப்படுகின்றது. கலகாரிப் பாலையில் கொம்பு உதிர்க்கும் மானினம் ஒன்றேனும் இல்லை. ஆங்குள்ளவை யாவும் கொம்பு உதிர்க்காத இனத்தனவே. அவற்றுள் குடு என்பது பெரியது. அதன் ஆண் 200 கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையுடையது. கொம்போ திருகுபோல் முறுக்கேறி உயர்ந்து நிற்பது. ஆணென்னும் பொருளாலும் முறுக்குக் கொம்பென்னும் அடையாலும் இரலை என்ற பெயர் இவ்விலங்குக்குப் பெரிதும் பொருந்துமாகலின், ஈண்டு அதனையே ஆள்கின்றோம்.

இவ்விரலையை நாயும் குதிரையும் இன்றி, எய்தற்குரிய அம்பும் இன்றி, நண்பகல் வெயிலில் காலால் ஓடியே தளர்வித்துப் பிடிக்கும் வேட்டுவர் அந்நிலத்தில் இருந்தனர். மனிதனைவிட விரைந்து ஓடவல்லது குடு. ஓட்டத்தின் தொடக்கத்தில் சில நொடிகளில் கண்ணுக்கு மறைந்துவிடும். அங்ஙனமாக, மெல்ல ஓடுபவன் விரைந்து ஓடுவதை எவ்வாறு எய்துகின்றான்? இவ்வினாவுக்கு உடற்கூற்றறிஞர் தரும் விடை பெரிதும் பரவியுள்ளது. ஆயினும் அவ்விடை பாதியே என்பதும், மற்றைப் பாதி மணலில் பதிந்த சுவட்டிலும் உடன்வரும் துணைவரிடத்தும் உள்ளது என்பதும் எம் கருத்து.

கலகாரி என்பது போட்சுவானாவின் பெரும்பகுதியிலும், நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் சில பகுதிகளிலும் பரந்து கிடக்கும் மணல்நிலம். முற்றும் வறண்ட வெறும்பாலை அன்று. புல்லும் முட்செடியும் வேலமரங்களும் உண்டு. ஆனால் மழை நீங்கிய மாதங்களில் மேற்பரப்பில் நிலைத்த நீர் அரிது. அந்நிலத்தின் தொல்குடிகளைப் பொதுவாகச் 'சான்' என்பர். இப்பெயர் அவர்கள் தமக்கு இட்டுக்கொண்டதன்று; அண்டையிலுள்ள கொய்கொய் மக்கள் இட்டது. அவர்தம் மொழிகளில் நாவை அண்ணத்தினின்று சட்டென விடுவித்து எழுப்பும் சொடுக்கொலிகள் மெய்யெழுத்துக்களாக நிற்கின்றன. அவற்றைக் குறிக்க நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை. ஆகவே கீழே வரும் வேட்டுவர் பெயர்களை அவ்வொலி நீக்கியே எழுதுகின்றோம். அவர்கள் காதில் அது பாதிப் பெயராகவே ஒலிக்கும்.

இவ்வேட்டையை நேரிற் கண்டு எழுதியவருள் முதன்மையானவர் தென்னாப்பிரிக்கரான லூயி லீபன்பர்க். இவர் 1980களின் நடுவிலிருந்து நடுக் கலகாரியில், 'தனிமரம்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் கொண்ட ஓரிடத்தில், நேட், கரோகா முதலிய வேட்டுவரோடு பழகினார். 1990இல் சுவடறிதலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 2006இல் தாம் கண்ட ஓட்ட வேட்டைகளின் அளவைகளை ஆய்விதழொன்றில் வெளியிட்டார். வெப்பம் 39 முதல் 42 செல்சியசு வரை இருந்த பகல்களில் இவ்வேட்டைகள் நிகழ்ந்தன. ஓடிய தொலைவு பெரும்பாலும் 25 முதல் 35 கிலோமீட்டர். சராசரி விரைவு மணிக்கு 6 முதல் 10 கிலோமீட்டர். நம்மூரில் பழகிய ஓட்டக்காரன் ஒருவனுக்கு இவ்விரைவு பெரிதன்று என்பதைப் படிப்போர் நோக்குக. அருமை விரைவில் இல்லை. அவ்வெயிலில், அம்மணலில், காணாத ஒன்றைத் தொடர்ந்து மணிக்கணக்காக ஓடுவதில் உள்ளது.

வேட்டை பெரும்பாலும் மூவர் நால்வராகத் தொடங்கும். குடுக் கூட்டத்தின் சுவடு கண்டதும் அதனைத் தொடர்வர். கூட்டம் வெருண்டு ஓடும். வேட்டுவர் சுவட்டின்மேல் ஓடுவர். கூட்டம் நிழலில் நிற்கும். இளைப்பாறுமுன் மீண்டும் வெருட்டுவர். இவ்வாறு பன்முறை நிகழுங்கால் கூட்டம் சிதறும். அப்பொழுது ஓர் ஆணைப் பிரித்துக்கொள்வர். கனத்த கொம்பைச் சுமந்து ஓடுவதால் அது விரைவில் தளரும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. பிரிந்த ஆணோ வளைந்து திரும்பிக் கூட்டத்தோடு மீண்டும் கலக்க முயலும். கலந்துவிடின் இதுகாறும் பட்ட பாடு வீண். புதிதாக இளைப்பாறிய வேறொன்றன் சுவட்டைத் தவறுதலாகத் தொடர்பவன் அன்று வெறுங்கையனாகத் திரும்புவான்; நீரின்றித் தானே வீழவும் கூடும்.

இனி உடற்கூற்று விடையைக் காண்பாம். 1984இல் டேவிட் காரியர் என்பார் இதனைத் தெளிவுற எடுத்துரைத்தார். 2004இல் டென்னிசு பிராம்பிள், டேனியல் லீபர்மன் இருவரும் மனித எலும்பமைப்போடு இயைத்து விரித்தனர். மனிதன் உடலில் 20 முதல் 40 இலக்கம் வியர்வைச் சுரப்பிகள் உள. தோல் பெரும்பாலும் மயிரற்றது. கடும் உழைப்பில் ஒரு மணிநேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேல் வியர்த்து, அவ்வியர்வை ஆவியாகும்பொழுது உடல் குளிரும். ஓடிக்கொண்டே குளிரலாம் என்பதே இதன் சிறப்பு. நாற்கால் விலங்கு பாய்ந்தோடும்பொழுது அதன் மூச்சு கால்வீச்சோடு பிணைந்துவிடுகின்றது. ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. ஆகவே பாய்ந்துகொண்டே விரைந்து இளைத்து வெப்பத்தைப் போக்குதல் அதற்கு இயலாது, நின்றால்தான் இயலும். நிற்கவிடாமற் செய்வதே வேட்டுவன் தொழில். இறுதியில் விலங்கு பசியாலோ காயத்தாலோ வீழ்வதன்று, தன் உடலுள் தேங்கிய வெப்பத்தால் கால் அசையாது நின்றுவிடுகின்றது.

எல்லா இரலையும் ஒரே தன்மையின அல்ல. நேர்க்கொம்புடைய ஓரிக்சு என்னும் இரலை வெப்பத்தைத் தாங்குவதில் பெயர்பெற்றது. ரிச்சர்டு டெய்லர் 1960களில் கிழக்காப்பிரிக்காவில் அடைத்து வளர்த்த ஓரிக்சுகளை ஆராய்ந்து, அவற்றின் உடல்வெப்பம் 45 செல்சியசு அளவிற்கு உயர்ந்தும் கேடின்றி இருத்தலைக் கண்டார். மேலும், அது நாய்களால் சூழப்படின் ஓடாது திரும்பி நின்று, ஈட்டி போன்ற கொம்பால் எதிர்க்கும். எனவே வேட்டுவர் பருவத்திற்கேற்ப விலங்கைத் தெரிகின்றனர். மழைக்காலத்தில் ஈரமணல் குளம்பை அகலவிரித்து மூட்டுக்களை இறுகச்செய்வதால் ஓரிக்சு முதலியவற்றைத் தொடர்வர் என்றும், வறட்சிக்காலத்தில் இளகிய மணலில் எளிதில் தளரும் குடு, ஈலாண்டு முதலியவற்றைத் தொடர்வர் என்றும் லீபன்பர்க் எழுதுகின்றார். முழுநிலவிரவுக்கு அடுத்த பகலை அவர்கள் விரும்புவர். நிலவொளியில் இரவெல்லாம் திரிந்த விலங்கு பகலில் களைத்திருக்கும் என்பது காரணம். இவையெல்லாம் காலின் வலிமை அல்ல. பல தலைமுறை கண்டு தொகுத்த அறிவு.

சுவடறிதல் இவ்வறிவின் உச்சம். மணலில் ஒவ்வோரடியும் தெளிவாகத் தெரியுமாயின் அதனைத் தொடர்தல் எளிது. ஆனால் ஓடும்பொழுது ஒவ்வோரடியாகப் பார்த்தல் கூடாது. புல்லடர்ந்த இடத்திலும் இறுகிய தரையிலும் சுவடு மறையும். ஆங்கு வேட்டுவன் தன்னை அவ்விலங்கின் நிலையில் வைத்து எண்ணுகின்றான்: இவ்வெயிலில், இக்களைப்பில், இக்காற்றில் அஃது எங்குச் செல்லும்? அங்குள்ள நிழலுக்கு. அவ்விடத்திற்கு நேரே ஓடிச் சுவடு உண்டா எனத் தேடுகின்றான். உண்டெனின் கருதுகோள் மெய். இலதெனின் வேறொன்று எண்ணவேண்டும். இக்காரணம் பற்றியே லீபன்பர்க் அறிவியலின் தோற்றுவாய் சுவடறிதலே என்று துணிந்தார். அது மிகைக்கூற்று எனச் சிலர் கருதலாம். காணாத ஒன்றைக் கண்டதினின்று உய்த்துணரும் அனுமானம் இங்கு நாள்தோறும் உயிர்ப்பொருட்டு நடைபெறுகின்றது என்பதை மறுத்தற்கில்லை.

இங்குத்தான் துணைவரின் இன்றியமையாமை வெளிப்படுகின்றது. ஒருவன் தரையை நோக்க, மற்றவன் தொலைவை நோக்குவான். ஒருவன் சுவடு இழந்த இடத்தில் நிற்க, மற்றவன் பக்கமாகச் சென்று தேடுவான். சுவட்டின் பொருள்பற்றி அவர்கள் தம்முள் வாதிடுவர். இளையவன் முதியவனை மறுப்பதும் உண்டு. முதுவேட்டுவர் நெடுந்தொலைவு ஓடவல்லவர் அல்லர். அறிவாலும் அனுபவத்தாலும் தொடக்கத்தின் கடுஞ்சிக்கலைத் தீர்த்துத் தருபவர் அவரே. பிரிந்த ஆணின் சுவடு ஐயமறத் தெளிந்த பின்னர், எல்லாருள்ளும் நெடிதோட வல்லவன் ஒருவன் நீரை நிறையப் பருகிக்கொண்டு தனித்துப் புறப்படுகின்றான், ஏனையோர் பின்தங்குகின்றனர். 'ஓடுபவன்' என்றே அவனுக்குப் பெயர். 2002-03இல் பி.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிய பாலூட்டிகளின் வாழ்க்கை பற்றிய தொடரில் கரோகா இவ்வாறு தனித்தோடி, எட்டு மணிநேரத் துரத்தலின் முடிவில் ஓர் ஆண்குடுவை எய்திய காட்சி உலகெங்கும் காணப்பட்டது. நிற்கும் ஆற்றலும் அற்ற விலங்கின்மேல் ஈட்டி எறிந்தபின், அவர் அதனைத் தடவி, அதன்மேல் மணல் தூவி, அதன் வாய்நீரைத் தம் கால்களிற் பூசிக்கொள்கின்றார். காண்போர் கரோகாவையே நினைவிற் கொள்கின்றனர். பின்தங்கியவர் இன்றேல் அவர் எந்தச் சுவட்டின்மேல் ஓடியிருப்பார் என்பதை எண்ணுவார் சிலரே.

துணையின்றேல் நேர்வது யாது என்பதற்கு லீபன்பர்க்கின் சொந்தப் பட்டறிவே சான்று. ஒருமுறை அவர் நேட் முதலியவரோடு தாமும் ஓடினார். கனத்த காலணி, பழகாத வெப்பம். குடு வீழ்ந்த இடத்தை ஒருவாறு எய்தியபொழுது அவர் உடல் வியர்ப்பதையே நிறுத்திவிட்டது. அஃது உயிர்க்கு இறுதி நெருங்கியதன் அடையாளம். வீழ்ந்த விலங்கின் இரைப்பைநீரைப் பருகுதல் அந்நிலத்தார் வழக்கம். அந்தக் குடுவோ மனிதர்க்கு நஞ்சான இலையைத் தின்றிருந்தமையின் அதுவும் இயலாதாயிற்று. உடன் வந்தவர் அவரை நிழலில் வைத்துக் காக்க, நீர் கொணரப்பட்ட பின்னரே அவர் பிழைத்தார். குடுவைக் கொன்ற அதே வெப்பம் துரத்தியவனையும் கொல்லும் அளவுக்கு அருகில் நின்றது. இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு சில பாகை வெப்பமும் ஒரு குடுவை நீருமே.

இவ்வேட்டை மனித உடலையே இன்றைய வடிவுக்கு ஆக்கிற்று என்னும் கொள்கையை எல்லாரும் ஏற்கவில்லை. பிக்கரிங், பன் ஆகிய இருவர் 2007இல் இதனை மறுத்தனர். அளக்கப்பட்ட வேட்டைகளுட் பல ஆய்வாளரும் படம்பிடிப்போரும் வேண்டியதன்பேரில் நடந்தவை என்பதும், தொல்மனிதன் மறைந்திருந்து தாக்கும் முறையால் எளிதில் இரை பெற்றிருக்கலாம் என்பதும் அவர்தம் தடைகளுட் சில. இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆனால் 2024இல் மோரின், வின்டர்ஹால்டர் இருவரும், 16ஆம் நூற்றாண்டு முதலாகப் பயணிகளும் பாதிரிமாரும் பிறரும் எழுதிவைத்த குறிப்புக்களைத் துருவி, உலகின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 400 ஓட்ட வேட்டைச் செய்திகளைத் திரட்டி வெளியிட்டனர். கலகாரியின் தனிப்புதுமை எனக் கருதப்பட்டது உலகப் பொதுவழக்காக இருந்தமை இதனால் விளங்கிற்று. பனிமூடிய நிலங்களிலும் இவ்வழக்கு இருந்தமையால், வெப்பம் ஒன்றே காரணம் என்னும் கூற்றும் ஓரளவு தளர்கின்றது. பனியில் புதையும் குளம்பும், இளகிய மணலில் புதையும் குளம்பும் ஒருதன்மையவே. எங்கும் மாறாது நிற்பவை சுவடும் கூட்டமும்.

இவ்வழக்கு அருகிவருவதற்குக் காரணங்கள் பல. நாயும் குதிரையும் வந்தபின் காலால் ஓடும் தேவை குறைந்தது. நிலமும் சுருங்கிற்று. 1961இல் அமைக்கப்பட்ட நடுக் கலகாரி விலங்குக் காப்பிடத்தினின்று 1997இலும் 2002இலும் சான் மக்கள் பலர் வெளியே குடியேற்றப்பட்டனர். 2006 டிசம்பரில் போட்சுவானா உயர்நீதிமன்றம், அவர்க்கு வேட்டை உரிமம் மறுத்தது சட்டத்திற்குப் புறம்பு எனத் தீர்த்தது. 2014 சனவரியில் அந்நாடு முழுதும் வேட்டை தடைசெய்யப்பட்டது. 2019இல் தடை நீங்கிற்று. இடைப்பட்ட ஐந்தாண்டு ஓர் அரசின் கணக்கில் சிறிது. ஆனால் சுவடறிதல் ஏட்டிற் பயில்வதன்று. பதின்மூன்று பதினான்கு அகவை இளைஞன் முதியவன் பின்னே நடந்தே பயில்வது. அவ்வகவையில் அப்பின்னடை நடவாதவன் பின்னர் உரிமம் பெற்றாலும் அவனுக்கு மணல் வெறும் மணலே.