மகரத்தின் வாயிலிருந்து ஒரு வளைவு

நந்தனத்தில் மெட்ரோ ஏறினால், ஆலந்தூரில் ஒரு தடவை மாறிப் பரங்கிமலைக்குப் போய்விடலாம். சைதாப்பேட்டைவரை நிலத்தடியில் ஓடும் வண்டி, அடையாற்றுக்கு அடியிலும் நுழைந்து, சின்னமலைக்குச் சற்று முன்னால் வெயிலுக்கு வரும். மேலே ஆற்றைக் கடக்கிறதே பாலம், அதன் பழைய பெயர் மர்மலாங். 1726இல் அங்கே முதலில் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைக்குக் கற்படி போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

சென்ற வாரம் பைசாந்தியத் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளில் ஹேகியா சோஃபியா தேவாலயத்தின் குவிமாடம் 558இல் இடிந்து விழுந்து, 562இல் மறுபடி எழுந்த கதையில் நிறுத்தியிருந்தோம். பைசாந்தியம் என்றதுமே குவிமாடமும் பொன் மொசைக்கும்தான் நினைவுக்கு வரும். இன்று நாம் பார்க்கப்போவதில் இரண்டும் கிடையாது. ஒரு கருங்கல் பலகை, அவ்வளவுதான்.

அது பரங்கிமலை உச்சித் தேவாலயத்தின் பீடத்துக்கு மேலே, சுவரில் பதிந்திருக்கிறது. 1547இல் போர்த்துக்கீசியர் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது கிடைத்தது. இந்தக் கல் 1704வரை அவ்வப்போது வியர்த்தது என்பது ஊர் நம்பிக்கை. சிற்பத்துக்கு வருவோம். நடுவில் ஒரு சிலுவை. நான்கு முனையும் மொட்டுப்போல் விரிந்திருக்கின்றன. ஏசுவின் உடல் இல்லை. மேலிருந்து தலைகீழாக ஒரு புறா இறங்குகிறது. அடியில் படிகள், அங்கிருந்து இரு பக்கமும் இலைகள் சுருண்டு எழுகின்றன. இருபுறமும் தூண், தூணின்மேல் மகரம். அந்த மகரங்களின் வாயிலிருந்துதான் சிலுவைக்கு மேலான வளைவு புறப்படுகிறது. வளைவைச் சுற்றிப் பஹ்லவி எழுத்து. 1873இல் பர்னெல் என்ற ஆய்வாளர் அதை ஆராய்ந்து எழுதினார். இன்றுவரை ஆளுக்கொரு விதமாகவே வாசிக்கிறார்கள்.

இதைப் பைசாந்தியச் சிற்பம் என்று சொன்னால் அறிஞர்கள் சண்டைக்கு வருவார்கள். நியாயம்தான். பஹ்லவி பாரசீகத்தின் எழுத்து. நெஸ்டோரியஸ் கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமை ஆயராக இருந்தவர். 431இல் எபேசு சங்கம் அவரைத் தள்ளிவைத்தது. அவர் பெயரை ஒட்டி எதிராளிகள் ‘நெஸ்டோரியர்’ என்று அழைத்த பாரசீகத் திருச்சபையின் வழிவந்தது இந்தக் கல். ஆனால், கோட்பாட்டில் முறைத்துக்கொண்ட இரண்டு வீட்டாரும் ஒரே சிலுவையைத்தான் செதுக்கினார்கள்.

அந்தப் படிகளைக் கவனியுங்கள். ஏசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதா குன்றுக்கு அவை அடையாளம். பேரரசர் இரண்டாம் டைபீரியஸ் (578–582) காலத்தில் படிமேல் நிற்கும் சிலுவை பைசாந்தியப் பொற்காசின் பின்புறத்தில் இடம்பிடித்தது. பின்வந்த பேரரசர் ஹெராக்ளியஸ் காசிலும் அதுவே தொடர்ந்தது. பிறகு புனிதர் படங்களை ஒழிக்கும் சண்டை மூண்டது. அது ஓய்ந்தது 843இல்தான். அந்தக் காலத்தில், 740 நிலநடுக்கத்துக்குப் பின் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டன்டைன் ஹேகியா ஐரீன் தேவாலயத்தைப் புதுப்பித்தபோது, பீடத்துக்கு மேலான அரைக்குவிமாடம் முழுக்கப் பொன்னைப் பரப்பி, நடுவே படிமேல் ஒற்றைச் சிலுவையை மட்டும் நிறுத்தினார்கள். முகம் இல்லை, உடல் இல்லை. அங்கே அது அரசாணை. பரங்கிமலையில் அது வழக்கம்.

மகரம் மட்டும் முழுக்க நம் பக்கத்துச் சரக்கு. செஞ்சிப் பக்கம் தளவானூர் குடைவரைக்குப் போயிருந்தால் முகப்பிலேயே மகர தோரணத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் குடைவித்த மகேந்திரவர்மன் ஹெராக்ளியஸின் சமகாலத்தவன். பரங்கிமலைக் கல்லைச் செதுக்கியவர் யார் என்பதற்குச் சான்று இல்லை. தெய்வம் என்றால் மேலே தோரணம் வேண்டும் என்று கை பழகிய உள்ளூர்த் தச்சராக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இதே குடும்பத்துச் சிலுவைகள் கோட்டயம் வலியபள்ளியிலும் முட்டுச்சிறையிலும் இருக்கின்றன. அநுராதபுரத்தில் 1912இல் கிடைத்த சிலுவையில் எழுத்து இல்லை. ஆனால் படியும் இலையும் அப்படியே. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்கர், இலங்கையில் குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் இருந்ததாக எழுதியிருக்கிறார். இன்னொரு கதையும் சொல்கிறார். யாருடைய அரசர் பெரியவர் என்று ஒரு ரோம (பைசாந்திய) வணிகனிடமும் ஒரு பாரசீகனிடமும் இலங்கை மன்னன் கேட்டானாம். இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்கள், காசைப் பாருங்கள் என்றானாம் ரோமன். ஒன்று தங்கம், மற்றது வெள்ளி. மன்னன் புரட்டிப் பார்த்துத் தங்கத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னான். எழுதியவர் ரோமப் பேரரசின் குடிமகன் என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மெரினா ஓரத்தில், 1874–79இல் சிஷோல்ம் எழுப்பிய செனட் ஹவுஸின் குவிமாடங்களில் பைசாந்தியச் சாயலைத் தேடுவது அடுத்த வாரம்.