கடை வாடகைக்கு அரசு கைகொடுக்குமா?

வியாபாரம் நின்றாலும் வாடகை நிற்பதில்லை. 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது கண்டி வர்த்தகர்கள் இதை நன்றாகவே உணர்ந்தார்கள். கொழும்பு வீதியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கடைகள் பூட்டிக் கிடந்தன. அக்குறணை முற்றாக முடக்கப்பட்டது. மாதம் பிறந்ததும் வாடகைக் கணக்கு மட்டும் தவறாமல் வந்தது.

அப்போது அரசு செய்தது என்ன? குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் 5,000 ரூபா வீதம் வழங்கப்பட்டது. பாதிக்கப்பட்ட வியாபாரங்களின் கடன் தவணைகளுக்கு மத்திய வங்கி ஆறு மாத அவகாசம் பெற்றுக் கொடுத்தது. 4 சதவீத வட்டியில் செயற்பாட்டு மூலதனக் கடனையும் அறிவித்தது. ஆனால் அத்திட்டத்தில் கடை வாடகைக்கென்று தனியான உதவி இருக்கவில்லை. வங்கியில் கடன்பட்டவருக்கு அவகாசம் கிடைத்தது. வட்டிக்கு அஞ்சி, கடனே எடுக்காமல் வாடகைக் கடையில் தொழில் செய்தவரோ கட்டட உரிமையாளரின் நல்ல மனதையே நம்பியிருந்தார்.

வேறு நாடுகள் இதை வேறு விதமாகக் கையாண்டன. சிங்கப்பூரில் வருமானம் பெரிதும் வீழ்ந்த சிறு, நடுத்தரக் கடைக்காரருக்கு நான்கு மாத வாடகை வரை தள்ளுபடி கிடைத்தது. இரண்டு மாதத்தை அரசும் இரண்டு மாதத்தை உரிமையாளரும் சுமந்தனர். கனடா முதலில் உரிமையாளர் வழியாக உதவியது. அவர் விண்ணப்பித்தால்தான் வாடகைக்காரருக்குச் சலுகை. பல உரிமையாளர்கள் விண்ணப்பிக்கவில்லை. எனவே 2020 செப்டம்பர் இறுதி முதலான வாடகையில் 65 சதவீதம் வரை வாடகைக்காரருக்கே நேரடியாக வழங்கும் புதிய திட்டம் வந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை: 2020 ஒக்டோபர் 9ஆம் திகதிக்கு முன்பே எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தம் இருந்திருக்க வேண்டும்.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நாளை நமது அரசும் இப்படியொரு உதவியை அறிவித்தால், நம்மில் எத்தனை பேர் ஆதாரம் காட்ட முடியும்? வாய்ப் பேச்சில் கடை எடுத்து, பற்றுச்சீட்டு இல்லாமல் வாடகை கொடுப்போர் இன்னும் இருக்கிறார்கள். 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. "மூன்று வருஷத்துக்குப் பேசிக்கொண்டோம்" என்பது சட்டத்தின் முன் நிற்காது.

ஆகவே, ஒப்பந்தத்தை முறைப்படி எழுதிக்கொள்ளுங்கள். அனர்த்தத்தாலோ அரச உத்தரவாலோ கடை மூடப்பட்டால் வாடகை எவ்வளவு குறையும், நிலுவை எத்தனை தவணையில் தீர்க்கப்படும் என்பதையும் அதில் சேருங்கள். வாடகையை வங்கி மூலம் செலுத்துங்கள், அல்லது ஒவ்வொரு மாதமும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வியாபாரப் பதிவையும் விற்பனைக் கணக்கையும் ஒழுங்காக வைத்திருங்கள். நெருக்கடி வந்தால் வாடகை பல மாதம் சேரும்வரை காத்திராமல் உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி, இணங்கியதை எழுதிக் கையொப்பமிடுங்கள்.

வாடகையை நம்பியே வாழும் உரிமையாளர்களும் நம்மிடையே உண்டு. முழுச் சுமையையும் அவர்கள் தலையில் கட்டுவதும் நியாயமல்ல. அரசு, உரிமையாளர், வாடகைக்காரர் மூவரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடொன்றை வர்த்தக சங்கங்கள் இப்போதே கேட்க வேண்டும். அடுத்த நெருக்கடி வந்த பின் கேட்டால், உதவி வருவதற்குள் கடை கைமாறிவிடும்.