புளிச் சக்கை இருக்க ஆசிட் எதற்கு?

தவழும் குழந்தை உள்ள வீட்டில், குளியலறை மூலையில் ஆசிட் பாட்டிலா? வேண்டவே வேண்டாம், சகோதரிகளே! என் பேரன் கையில் எது கிடைத்தாலும் நேரே வாய்க்குத்தான் போகும். அதனால் எங்கள் வீட்டில் பாதி துப்புரவு வேலை சமையலறைச் சாமானில்தான்.

குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையை எறியாதீர்கள். உப்பைத் தொட்டுக்கொண்டு குத்துவிளக்கைத் தேய்த்தால் பளிச்! புளியிலுள்ள அமிலம் களிம்பைக் கரைத்துவிடும். உடனே கழுவித் துடைத்துவிட வேண்டும். ஈரம் நின்றால் மறுபடி கறுக்கும்.

உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அது பெரும்பாலும் சுண்ணாம்புதான். பிழிந்த எலுமிச்சை மூடியால் அழுத்தித் தேய்த்து, கால் மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். மொசைக் தரையில் மட்டும் இந்த வைத்தியம் கூடாது. அதிலுள்ள சலவைக்கல்லும் சுண்ணாம்பு இனம்தானே, மெருகு போய்விடும்!

கறுத்த அலுமினியப் பாத்திரத்தில் எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கொதிக்கவிட்டால் வெளுக்கும். சலவை சோடா போட்டால் இன்னும் கறுக்கும்.

ஒன்றில் மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதையும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். "ரெண்டும் சேர்ந்தா இன்னும் சுத்தமாகும்னு நெனச்சேன் மாமி" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண், இருமிக்கொண்டே. கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். காற்றாட உட்கார்ந்தும் இருமல் அடங்கவில்லை; டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. இப்போது அந்த டப்பா அவள் வீட்டுப் பரண்மேல், தனியாக.