எந்தத் தண்ணீரைக் கொட்டுவது?



விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து வீணாகிவிடும். மாதத்தில் பல நாட்கள் இப்படிப் போனால் கையில் காசு குறையும். கடைச் சாமானும் குறையும். அப்போது கைகொடுப்பது வீட்டுக்குப் பின்னால் நாம் போட்டிருக்கும் காய்கறிப் பாத்திதான். முருங்கை தழைத்திருக்கும்; பயற்றங்காய் தொங்கும்; மண்ணுக்குள் மரவள்ளிக் கிழங்கு இருக்கும். இந்த மூன்றும் இருந்தால் நல்லதொரு சாப்பாடு சமைத்துவிடலாம். ஆனால், எந்தத் தண்ணீரைக் கொட்டவேண்டும், எதைக் கொட்டக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மரவள்ளி. இந்தக் கிழங்கில் நஞ்சாக மாறக்கூடிய ஒரு பொருள் இயற்கையாகவே உண்டு. கசப்புக் கிழங்கில் அது அதிகம். ஆகவே கசப்பதைச் சமைக்க வேண்டாம். நல்ல கிழங்கானாலும் பச்சையாகத் தின்னக் கூடாது; பிள்ளைகளையும் தின்ன விடாதீர்கள். மேல்தோலையும் அதற்கடுத்த தடித்த தோலையும் உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில், சட்டியை மூடாமல் குழைய வேகவையுங்கள். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். அன்றைய தேவைக்கு மட்டும் பிடுங்குங்கள்.

கீரைக்கு இது நேர்மாறு. கீரையிலும் காயிலும் உள்ள சில சத்துகள் தண்ணீரில் கரைந்து போகும். நீண்ட நேரம் கொதித்தால் அழியும். ஆகவே, கழுவிய பிறகே நறுக்குங்கள். இரண்டு கைப்பிடிப் பருப்பை வேகவைத்து, அது மலர்ந்த பிறகு உருவிய முருங்கைக் கீரையைப் போடுங்கள். சில நிமிடங்களில் இறக்கிவிடலாம். இந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். சத்து அதில்தான் இருக்கிறது. கொஞ்சம் எண்ணெயில் கடுகு, வெங்காயம் தாளித்துச் சேருங்கள். கண்ணுக்கு நல்லதான கீரைச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள எண்ணெய் உதவும்.

பயற்றங்காயை நெத்திலியோடு வதக்கி, தேங்காய்ப்பூ தூவுங்கள். நெத்திலியைத் தலையோடும் முள்ளோடும் தின்றால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

'கிழங்கு ஒன்றே போதாதா, வயிறு நிறைகிறதே?' என்று கேட்கலாம். 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில், அரிசி கிடைக்காமல் நம் பாட்டன் பாட்டிமார் மரவள்ளியைத் தின்றே காலம் தள்ளினார்கள். வயிறு நிறைந்தாலும் உடம்பு நலிந்தது. கிழங்கில் மாவுச்சத்து மிகுதி; உடலை வளர்க்கும் புரதம் மிகக் குறைவு. வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் அது போதவே போதாது. அந்தக் குறையை நிரப்பத்தான் பருப்பும் பயறும் நெத்திலியும்.

இன்னும் ஒரு வார்த்தை. சாப்பிடும்போது கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். இரத்தம் ஊறத் தேவையான இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

ஆகவே தாய்மார்களே, கிழங்குத் தண்ணீர் சாக்கடைக்கு. கீரைத் தண்ணீர் பிள்ளையின் தட்டுக்கு. இதை நினைவில் வைத்துக்கொண்டால், மழை நாளிலும் நம் வீட்டுச் சாப்பாடு சத்தான சாப்பாடாகவே இருக்கும்.