இரைச்சலை வெல்லும் சொல்

நுழையும்முன்

சொல் காற்றின் வழியே பயணம் செய்கிறது. அக்காற்று இரைச்சலால் நிறைந்திருக்கும்போது, ஒரு சொல்லைச் சிதையாமல் மற்றவர் செவியில் சேர்ப்பது எவ்வாறு? ஊர்திகளின் உள்தொடர்புக் கருவியில் இரைச்சல் குறைப்பான் இயங்கும் முறையையும் அதனைப் பொருத்தும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு சொல்லின் மதிப்பு

சென்னையை அடுத்த ஆவடியில் உருவாக்கப்படும் ‘அர்ஜுன்’ என்னும் கவச ஊர்தியில் நால்வர் பணியாற்றுவர். ஓட்டுநர் முன்பகுதியில் தனித்து அமர்ந்திருப்பார். தலைவர், பீரங்கியை இயக்குபவர், குண்டு நிரப்புபவர் ஆகிய மூவரும் சுழலும் மேற்கூண்டில் இருப்பர். ஓட்டுநரின் முகத்தைக் காண இயலாத தலைவர், உள்தொடர்புக் கருவியின் வழியாகவே அவருக்குக் கட்டளையிடுகிறார். ‘நில்’ என்றது ‘செல்’ என்று கேட்குமானால் விளைவு என்னவாகும்?

ஓடும் கவச ஊர்தியினுள் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேரப் பணிக்கு 85 டெசிபலே ஏற்கத்தக்க எல்லை எனப் பணிப் பாதுகாப்பு நெறிகள் பலவும் கருதுகின்றன. ஒவ்வொரு 10 டெசிபல் உயர்வுக்கும் ஒலிச்செறிவு பத்து மடங்காகிறது. உட்செவியில் உள்ள நுண்ணிய மயிர்ச்செல்கள் இரைச்சலால் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. எனவே, இரைச்சலைக் குறைப்பது இன்றைய கட்டளையையும் நாளைய செவித்திறனையும் ஒருங்கே காப்பதாகும்.

ஒலியை ஒலியால் அடக்குதல்

செவியை மூடும் தடித்த உறை உச்ச அதிர்வெண் ஒலிகளை நன்கு தடுக்கிறது. இயந்திரத்தின் தாழ்ந்த உறுமலோ அதனை ஊடுருவி விடுகிறது. அதனை அடக்க, இயற்பியலில் நாம் பயிலும் மேற்பொருந்துதல் தத்துவம் உதவுகிறது. உறைக்குள் உள்ள நுண்ணிய ஒலிவாங்கி உறுமலை உணர்கிறது. மின்சுற்று உடனே அதற்கு எதிர்க்கட்டத்தில் ஓர் ஒலியை எழுப்புகிறது. ஒன்றின் முகடு மற்றொன்றின் அகட்டோடு பொருந்த, உறுமல் பெருமளவு அடங்குகிறது.

செருமானிய அறிஞர் பால் லூக் இக்கருத்துக்கு 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த அமர் போஸ், 1978இல் வானூர்திப் பயணம் ஒன்றில் இதுபற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். அவரது நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான செவிக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பேசுபவர் பக்கத்திலும் இரைச்சல் உண்டு. அதற்கான ஒலிவாங்கியில் முன்னும் பின்னும் துளைகள் இருக்கும். தொலைவிலிருந்து வரும் இரைச்சல் இருபுறமும் ஏறத்தாழச் சமமாக நுழைவதால் பெரும்பகுதி நீங்கிவிடும். அருகில் எழும் குரலோ ஒருபுறம் வலிமையாக நுழைவதால் நிலைத்து நிற்கும். ஒலிவாங்கியை உதட்டருகே வைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பொருத்தும் முறை

முதலில் ஊர்தியின் மின்கல இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இரைச்சல் குறைப்பானை ஒலிவாங்கிக்கும் ஒலிபெருக்கிச் சுற்றுக்கும் இடையில் இணைத்து, அதிர்வு தாக்காதவாறு ரப்பர் வளையங்களின்மேல் இருத்த வேண்டும். ஒலிக்கம்பிகள் உலோக வலையுறை உடையனவாக, மின்னாக்கியின் கம்பிகளிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். தரையிணைப்பு ஓரிடத்தில் மட்டுமே அமைதல் நன்று. ஈரிடங்களில் அமைந்தால் கருவியே புதிய ரீங்காரத்தை எழுப்பக்கூடும். குறைப்பான் பழுதுற்றாலும் குரல் தடையின்றிச் செல்வதற்கு நேர்வழி ஒன்றும் இருத்தல் வேண்டும்.

சொல்லே சான்று

பொருத்திய பின், இயந்திரம் நிற்கும்போதும் இயங்கும்போதும் ஊர்தி ஓடும்போதும் சோதிக்க வேண்டும். ஒருவர் சொற்களைக் கூற, மற்றவர் கேட்டவற்றை எழுதி ஒப்பிடுவது எளிய சோதனை. கலம், தலம், பலம், வலம் போன்று முதலெழுத்தில் மட்டும் வேறுபடும் சொற்கள் இதற்கு ஏற்றவை. உயிரொலிகள் வலிமையாக ஒலிப்பவை. இரைச்சலில் முதலில் மறைவன மெல்லிய மெய்யொலிகளே. அவை மறைந்தால் நான்கு சொற்களும் ஒன்றாகிவிடும். நான்கும் நான்காகவே கேட்குமாயின், குறைப்பான் தன் கடமையைச் செய்கிறது எனத் துணியலாம்.