‘மாங்கா’ போடுகிறானா உங்கள் பிள்ளை? திட்டாதீர்கள்... திருத்தலாம்!

தெரு கிரிக்கெட்டில் ஒரு பையனை அழவைக்க ஒரே ஒரு சொல் போதும்: ‘மாங்கா!’ மரத்தில் தொங்கும் மாங்காயைக் கல்லால் அடிப்பதுபோல, முழங்கையை மடக்கி நீட்டிப் பந்தை எறிகிறான் என்று அர்த்தம். பத்து வயதில் அது வெறும் கேலி. அதே பையன் பதினாலு வயதில் பள்ளி அணிக்காக ஓடிவந்து வீசும்போது அம்பயர் ‘நோ பால்’ என்று கையை நீட்டினால், அவமானம். பலர் அன்றோடு பந்தைக் கீழே போட்டுவிடுகிறார்கள். போட வேண்டிய அவசியமே இல்லை என்பதற்குச் சேலம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது.

சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயதுவரை பெரும்பாலும் டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். சென்னைக்கு வந்து லீக் ஆட்டங்களில் விக்கெட் எடுத்து, 2015 ஜனவரியில் ரஞ்சி டிராபியில் தமிழ்நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடினார். வீட்டின் வறுமை தீரப்போகிற நேரம். அந்த ஆட்டத்தோடு அவருடைய பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார் ஆனது. எத்தனையோ ஆண்டுகளாக உடம்பு பழகிய அசைவை 23 வயதில் அழித்து, புதிதாக எழுத வேண்டிய நிலை. அவருக்குக் கைகொடுத்தவர்களில் முக்கியமானவர் தமிழகத்தின் முன்னாள் சுழற்பந்து வீச்சாளர் சுனில் சுப்ரமணியம். வேகப்பந்து வீச்சாளரின் கையைச் சரிசெய்தவர் ஒரு ஸ்பின்னர்! 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் நடராஜன் திரும்பி வந்தபோது யார்க்கர்களாகப் பொழிந்தார். அடுத்த ஆண்டு ஐ.பி.எல் ஏலத்தில் 3 கோடி ரூபாய். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகம்.

டென்னிஸ் பந்தைக் குறை சொல்வதா? முழுவதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால், எடையைப் பாருங்கள். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்லை. பெரியவர்கள் ஆடும் கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம். லேசான பந்தைத் தோளைச் சுழற்றி வீசினால் வேகம் வராது. முழங்கையைச் சுண்டினால் வரும். பையன் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிடுகிறான். தெருவில் ஓடிவர இடம் இல்லாததும் சேர்ந்துகொள்கிறது. ஓட்டத்தில் கிடைக்க வேண்டிய வேகத்தைக் கையிலிருந்தே பிழிந்தெடுக்கப் பார்க்கிறான். இன்னொரு பக்கம், சின்னக் கைக்குப் பெரிய பந்தைக் கொடுப்பதும் தவறு. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று எடை குறைந்த பந்து இருக்கிறது. பெண்கள் கிரிக்கெட்டிலும் பந்து 140 முதல் 151 கிராம்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் தன் பழைய லெதர் பந்தை மகளின் கையில் திணிக்கும் அப்பாக்கள் நிறைய.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கை வளைந்திருப்பது தப்பே இல்லை. வீசும்போது வளைந்த கை நிமிர்வதுதான் தப்பு. கை தோள் உயரத்துக்கு வந்த நொடியிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும்வரை முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதுதான் கணக்கு. சர்வதேச கிரிக்கெட்டில் 15 டிகிரி வரை அனுமதி. முத்தையா முரளிதரனுக்குப் பிறவியிலேயே முழங்கையை முழுதாக நிமிர்த்த முடியாது. அவர் எறிகிறார் என்று உலகமே கண்ணால் பார்த்துச் சொன்னது. ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது விஷயம் வேறாக இருந்தது. சென்னை ஸ்ரீராமச்சந்திராவில் உள்ள ஆய்வு மையத்துக்கும் ஐ.சி.சி 2014-ல் இந்தச் சோதனைக்கான அங்கீகாரம் கொடுத்தது. ஆகவே, செல்போன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு ‘18 டிகிரி மடங்குதுங்க’ என்று தீர்ப்பு சொல்பவர்களை நம்ப வேண்டாம். வீடியோவால் வேறு பயன் உண்டு. பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள். எடுக்கும்போது கையை மறந்துவிட்டு உடம்பைக் கவனியுங்கள்.

ஏனென்றால், நோய் தெரிவது முழங்கையில். பிறப்பது பெரும்பாலும் வேறு இடத்தில். வலதுகையால் வீசும் பிள்ளைக்கு இடதுகைதான் வழிகாட்டி. அது உயரப் போய், இலக்கைக் காட்டி, இடுப்பை நோக்கி இறங்க வேண்டும். பாதியிலேயே தொய்ந்து விழுந்தால் நெஞ்சு முன்கூட்டியே திறந்துவிடும், தலை ஒரு பக்கம் சாயும், வீசும் கை பின்தங்கும். பின்தங்கிய கை எப்படியாவது நேரத்துக்கு வந்து சேரவேண்டும் அல்லவா? அதற்குத்தான் முழங்கை மடங்கிச் சுண்டுகிறது. ‘கையை மடக்காதே, கையை மடக்காதே’ என்று எல்லைக் கோட்டிலிருந்து அப்பா கத்துவதால் எந்தப் பலனும் இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் முடியும் அசைவு அது. நடுவில் யோசிக்க முடியாது.

நல்ல பயிற்சியாளர்கள் பின்னாலிருந்து தொடங்குகிறார்கள். ஓட்டம் கிடையாது, பேட்ஸ்மேன் கிடையாது, ஸ்டம்ப்கூட வேண்டாம். பக்கவாட்டில் கால் அகட்டி நின்று, இடதுகையை உயர்த்தி, வலதுகையைக் காதை உரசுவதுபோல முழுச் சுற்றாகச் சுற்றி, பாதி பிட்ச் தூரத்துக்கு மெதுவாக வீச வேண்டும். அது பழகியபின் ஓர் அடி எடுத்துவைத்து. பிறகு நாலைந்து அடி நடந்து. பிறகு சின்ன ஓட்டம். ஒவ்வொரு படியிலும் கை மடங்கத் தொடங்கினால் ஒரு படி கீழே. பேட்ஸ்மேன் கடைசியில்தான் வர வேண்டும். எதிரே மட்டையைப் பார்த்ததும் பழைய பழக்கம் தலைதூக்கும்.

இந்தக் காலத்தில் வேகம் குறையும். வைடாகப் போகும். நேற்றுவரை அவன் பந்தைத் தொடமுடியாதவன் இன்று சிக்ஸர் அடிப்பான். இங்கேதான் பிள்ளை உடைவான். வீட்டின் வேலையும் இங்கேதான். மாதக்கணக்கில் ஆகலாம் என்று முதல்நாளே சொல்லிவிடுவது நல்லது. ‘சனிக்கிழமை மேட்ச்சுக்கு மட்டும் பழையபடி போடட்டுமே’ என்று கேட்கும் பயிற்சியாளரிடம் முடியாது என்று சொல்லும் தைரியமும் வேண்டும்.

எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடாது என்பதும் முக்கியம். பும்ராவின் கை விறைத்துக்கொண்டு வருவதையும், மலிங்கா பக்கவாட்டிலிருந்து சுழற்றியதையும் எந்தப் பாடநூலும் சொல்லித்தரவில்லை. விதியை மீறாத, உடம்பைக் கெடுக்காத விநோதத்தை விட்டுவிடுவதே நல்லது.

உடம்பைக் கெடுப்பது என்றால், முழங்கையைவிட முதுகுதான் பெரிய கவலை. இடுப்பு ஒரு திசையையும் தோள் வேறொரு திசையையும் பார்க்கும்படி வீசுவதை ‘மிக்ஸட் ஆக்‌ஷன்’ என்பார்கள். துணி பிழிவதுபோல அடிமுதுகு ஒவ்வொரு பந்துக்கும் முறுக்கப்படுகிறது. வளரும் வயதில் எலும்பில் மெல்லிய விரிசல் விழும். ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011 நவம்பரில், முதல் டெஸ்ட்டிலேயே 7 விக்கெட் எடுத்தார். அடுத்த டெஸ்ட் ஆடியது 2017 மார்ச்சில், ராஞ்சியில்! இடைப்பட்ட காலத்தில் அவரது வீச்சை மாற்ற உதவியவர்களில் ஒருவர் டென்னிஸ் லில்லி. 1973-ல் முதுகெலும்பு விரிசலோடு படுத்து, மீண்டு வந்தவர் அவர். 1987-ல் தொடங்கிய சென்னை எம்.ஆர்.எஃப் பேஸ் ஃபவுண்டேஷனில் நம் ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே.

வலதுகையால் வீசும் பிள்ளைக்கு இடப்பக்க அடிமுதுகில் வலி, பின்னால் வளைந்தால் கூடுகிறது என்றால், தைலம் தேய்த்து மறுநாள் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். விளையாட்டு மருத்துவரிடம் காட்டும்வரை பந்தைத் தொடக் கூடாது.

ஓவர் கணக்கும் பெற்றோர் கையில்தான். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வேகப்பந்து வீசும் 13 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு மூச்சில் 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 என்று எல்லை வைத்தது. 14, 15 வயதுக்கு 6, 12. நம் பிள்ளைகள் காலையில் பள்ளி அணி, மாலையில் அகாடமி நெட்ஸ், ஞாயிற்றுக்கிழமை தெரு டோர்னமென்ட் என்று மூன்று இடத்தில் வீசுகிறார்கள். மூன்று இடத்திலும் தனித்தனிப் பயிற்சியாளர், தனித்தனி கேப்டன். மொத்தம் எத்தனை பந்து என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. ஒரு பழைய நோட்டில் தினமும் எழுதிவைத்தால் அம்மாவுக்குத் தெரியும்.